வேண்டாம் என்று சொல்லும் உரிமை

இந்த நாட்டுக்கு நாம் வந்து சேர்ந்த நாட்களில் எமக்குக் கிடைத்த முதற்பாடம் குப்பை பற்றியது. மொழி அதற்குப் பிறகுதான் வந்தது. எந்தப் பையில் போடவேண்டும், அந்தப் பையை எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கவேண்டும், எந்த நாளில் வாசலில் வைக்கவேண்டும் என்றெல்லாம் எமக்கு முன் வந்தவர்கள் சொல்லித் தந்தார்கள். பற்றறி, மிஞ்சிய பெயின்ற், காலம் முடிந்த மருந்து, பூச்சிகொல்லிப் போத்தல் என்பவற்றைப் பையில் போடக்கூடாது, தனியே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்றார்கள். ‘சொண்டர்மியுல்’, விசேட கழிவு. வேலியோரத்தில் கூட்டிக் கொளுத்தியும் வாழையடியில் தாட்டும் பழகிய எமக்கு, குப்பையிலும் சாதாரணமானது, விசேடமானது என்று இரண்டு இருப்பது வேடிக்கையாகவே பட்டது.

கையைவிட்டுப் போன பை பிறகு எங்கே போகிறது என்று நாம் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இருக்கவில்லை. விசாரணைக் கடிதம் எப்போது வரும், உணவகச் சமையலறையில் கோப்பை கழுவும் வேலை நிலைக்குமா, ஊரில் அம்மா இருக்கும் பக்கம் ஷெல் விழுந்ததா என்ற கவலைகளுக்கு நடுவில் குப்பையின் பயணத்தை யார் நினைப்பார்கள்? ஆனால் முப்பது, நாற்பது வருடங்கள் போய்விட்டன. எம்மில் பலரிடம் இப்போது சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது. வாக்குச்சீட்டு அடங்கிய கடித உறை வருடத்தில் நாலு தடவைவரை வீடு தேடி வருகிறது. ஆகவே தள்ளிப்போட்ட அந்தக் கேள்வியை இப்போதாவது கேட்கவேண்டும் என்று நினைக்கிறோம். ஒரு நாடு முழுவதும் சேர்ந்து உண்டாக்கிய நஞ்சை எந்த ஊரின் மண்ணில் வைப்பது? அதை யார் தீர்மானிப்பது? ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்ல அந்த ஊருக்கு உரிமை உண்டா?

1

சுவிற்சர்லாந்தில் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. கெமைண்ட என்பார்கள். எமது கிராமசபையை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இந்தச் சபைகள் வரி அறவிடுகின்றன, பள்ளிக்கூடம் நடத்துகின்றன, வீடு கட்ட அனுமதி கொடுக்கின்றன. ஒருவர் சுவிஸ் பிரஜையாக வேண்டுமானால் முதலில் ஏதோவொரு ஊரின் பிரஜையாக வேண்டும். அதிகாரம் அடியிலிருந்து மேலே போகிறது என்பதில் இவர்களுக்குப் பெருமை.

அந்த அதிகாரம் நல்லபடியாகப் பயன்பட்டதற்கு ஓர் உதாரணம் ஆர்கவ் மாநிலத்திலுள்ள கோலிக்கன். 1978இல் அங்குள்ள பழைய களிமண் குழியொன்றில் நாட்டின் விசேட கழிவைக் கொட்டத் தொடங்கினார்கள். நடத்தியவர்கள் கள்ளத்தனமாக லொறியில் வந்து கொட்டிவிட்டு ஓடும் ஆட்களல்லர். ஆர்கவ் மாநிலம், சூரிச் மாநிலம், சூரிச் நகரம், பாசல் இரசாயனத் தொழிற்துறை ஆகியவை சேர்ந்த கூட்டு. களிமண் நீரைக் கசியவிடாது, ஆகவே இது பாதுகாப்பானது என்பது அன்றைய நம்பிக்கை. சில வருடங்களிலேயே ஊரில் நாற்றமும் தூசும் தாங்கமுடியாமல் போயின. கசிவு நீரும் பிரச்சினையானது. 1985 ஏப்ரலில் ஊர்ச்சபை அந்தக் குழியை மூடும்படி உத்தரவிட்டது.

இதை நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். குழியின் பங்காளியும் மாநிலம், அதைக் கண்காணிக்கவேண்டியதும் மாநிலம். சொந்தக் கணக்கைத் தானே சரிபார்க்கும் கடைக்காரரின் நிலை அது. அந்தக் கூட்டுக்கு வெளியே நின்ற பொது அதிகாரம் என்று சொல்ல அந்தச் சிறிய ஊர்ச்சபை ஒன்றுதான் இருந்தது. அதனிடம் பெரிய ஆய்வுகூடம் இருக்கவில்லை. ஆனால் அதன் உறுப்பினர்கள் அந்தக் காற்றையே சுவாசித்தார்கள். ஊராட்சிக்கு இந்த விடயத்தில் ஏன் இடம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எமது முதல் விடை இதுதான். அறிவில் குறைந்தவர்களாக இருந்தாலும் ஆபத்துக்கு மிக அருகில் இருப்பவர்கள் அவர்கள். உறவுக்காகவும் இலாபத்துக்காகவும் மேலே இருப்பவர்கள் பேசாதிருக்கும்போது பேசக்கூடியவர்களும் அவர்கள்தான்.

பிறகு நடந்தது நீண்ட கதை. குழியின் மேல் பெரிய மண்டபம் கட்டி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறாதபடி உறிஞ்சி வடிகட்டி, 2007 தொடக்கம் 2015 வரை அந்தக் கழிவைத் தோண்டி எடுத்தார்கள். ஆறு இலட்சம் தொன்னுக்கு மேல். செலவு பல நூறு மில்லியன் பிராங். மூடச் சொன்ன ஊர்ச்சபை அன்று பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கு எங்கே போய் முடிந்திருக்கும் என்று எவருக்கும் தெரியாது.

2

ஆனால் எல்லா ஊர்களின் குரலும் ஒரே கனமுடையதல்ல. பிரெஞ்சு எல்லையோரம் பொன்ஃபொல் என்று ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. 1961 முதல் 1976 வரை பாசல் இரசாயனத் தொழிற்சாலைகளின் கழிவு 114,000 தொன் அளவில் அங்குள்ள களிமண் குழியில் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பகுதி பேர்ண் மாநிலத்துக்குள் இருந்தது. பெரும்பான்மை ஜேர்மன் பேசும் மாநிலத்தில் பிரெஞ்சு பேசும் ஒரு மூலை அது. தமக்கென்று ஒரு மாநிலம் வேண்டும் என்று அந்த மக்கள் போராடி, 1979இல் ஜூரா மாநிலமாகப் பிரிந்தார்கள். நஞ்சு அங்கே போனதற்குக் களிமண்தான் காரணம் என்பார்கள். களிமண் அங்கே இருந்தது உண்மை. அந்த ஊர் தலைநகரிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் தூரத்தில், பேச்சு எடுபடாத ஓர் ஓரத்தில் இருந்தது என்பதும் உண்மை. ஓரத்து மக்களாகவே பிறந்து வளர்ந்த எமக்கு இந்த இரண்டாவது உண்மையை ஒதுக்கிவிட முடியவில்லை. பிந்தி வந்த நீதியாக, 2010 தொடக்கம் 2016 வரை அந்தக் கழிவு தோண்டப்பட்டு ரயிலேற்றி ஜேர்மனியின் எரிஉலைகளுக்கு அனுப்பப்பட்டது.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. ஒரு ஊர் ‘வேண்டாம்’ என்று சொன்னதும் நஞ்சு மறைந்துபோவதில்லை. அது வேறோர் ஊரைத் தேடிப் போகிறது. பலமாக ‘வேண்டாம்’ சொல்லக்கூடிய ஊரிலிருந்து மெதுவாகச் சொல்லக்கூடிய ஊருக்கு, அங்கிருந்து வாயே திறக்கமுடியாத ஊருக்கு, பள்ளத்தை நோக்கி ஓடும் நீரைப்போலப் போகிறது. இத்தாலியின் செவேசோவில் 1976இல் நடந்த விபத்தின் டயொக்சின் கழிவு நிரப்பிய 41 பீப்பாய்கள் 1982இல் எல்லை தாண்டிக் காணாமற்போய், மறுவருடம் வடபிரான்சில் ஒரு கிராமத்தின் கைவிடப்பட்ட இறைச்சிக் கொட்டிலில் கண்டுபிடிக்கப்பட்டன. 1988இல் இத்தாலியிலிருந்து போன நச்சுப் பீப்பாய்கள் நைஜீரியாவின் கோக்கோ என்ற ஊரில் ஒருவருடைய வளவில் சொற்ப மாத வாடகைக்கு அடுக்கப்பட்டிருந்தன. ஆபத்தான கழிவு நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1989இல் பாசல் நகரில் கைச்சாத்தானது. நாம் மலிவுக்குச் சாமான் வாங்க ரயிலேறிப் போகும் அதே பாசல்தான்.

ஆகவே ‘வேண்டாம்’ என்ற உரிமை எல்லோர் கையிலும் இருக்கும்வரைதான் அது நீதி. சிலர் கையில் மட்டும் இருந்தால், இல்லாதவர்களின் முற்றத்தை நிரப்பும் கருவியாகவே அது முடிகிறது.

3

இந்தப் பிரச்சினையின் மிகக் கடினமான முடிச்சு அணுக்கழிவில் இருக்கிறது. நாம் சோறு சமைக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு அணு உலைகளிலிருந்து வருகிறது. அவற்றின் எச்சத்தைப் பத்து இலட்சம் வருடங்களுக்குப் பாதுகாக்கவேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். எமது சங்ககாலம் அந்தக் கணக்கில் நேற்று மாலை.

கழிவுக்கு இடம் தேடும் பொறுப்பு 1972இல் உருவாக்கப்பட்ட நாக்ரா என்ற நிறுவனத்துக்கு உரியது. 1993இல் அது நிட்வால்டன் மாநிலத்தில் வொல்ஃபென்ஷீசன் என்ற மலைக்கிராமத்திலுள்ள வெலன்பேர்க்கைத் தேர்ந்தது. அது குறைந்த, நடுத்தர வீரியமுள்ள கழிவுக்கான இடம். அந்த நேரத்தில் புறூனோ ஃப்ரை, பீலிக்ஸ் ஓபர்ஹோல்சர்-கே என்ற இரண்டு பொருளியலாளர்கள் அந்தக் கிராமத்து மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். உங்கள் ஊரில் இதை அமைக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தால் சம்மதிப்பீர்களா? 50.8 வீதமானவர்கள் சம்மதம் என்றார்கள். பிறகு, வருடாவருடம் ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை நட்டஈடு தரப்படும், இப்போது சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் 24.6 வீதமாக இறங்கிவிட்டது. மறுத்தவர்களுக்குத் தொகையைக் கூட்டிக் காட்டியபோது மனம் மாறியவர் ஒரேயொருவர்.

பணத்தைக் கண்டதும் சம்மதம் பாதியாகக் குறைந்ததென்றால் மனிதரைப்பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் கதைகள் சிலவற்றைத் திருத்தவேண்டியிருக்கிறது. ஒரு கடமையாகக் கேட்டபோது அவர்கள் நாட்டின் சுமையில் தம் பங்கைப்பற்றி யோசித்தார்கள். விலை பேசியபோது, இவ்வளவு தருகிறார்களென்றால் ஆபத்து எவ்வளவு பெரிதாக இருக்கும் என்றும், எம்மை வாங்கப் பார்க்கிறார்களா என்றும் யோசித்தார்கள். சாவீட்டில் பாடை தூக்க வந்தவரிடம் கூலி எவ்வளவு என்று கேட்டால் என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியும். அவர் தோளைக் கொடுத்துவிட்டு, கேட்டவரின் முகத்தில் இனி முழிக்கமாட்டார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நட்டஈட்டோடு சேர்த்து வொல்ஃபென்ஷீசன் ஊர் பின்னர் சம்மதித்தது. 1995இல் நிட்வால்டன் மாநில மக்கள் சிறிய வித்தியாசத்தில் மறுத்தார்கள். 2002இல் ஆய்வுக்கான சுரங்கத்தையும் மறுத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இப்போது சொல்லுங்கள், ‘ஊர்’ என்பது எது? குழிக்கு மேல் வாழும் கிராமமா, பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருப்பவர்களும் சேர்ந்த மாநிலமா? ஊராட்சியின் உரிமையைப் பேசுபவர்கள் இந்தக் கேள்வியைச் சுலபமாகக் கடந்துபோகிறார்கள். ஊரின் எல்லையைக் கீறுகிறவர் விடையையும் பாதி எழுதிவிடுகிறார்.

4

நிட்வால்டன் இரண்டு தடவை மறுத்ததன் பின், 2003இல் நிறைவேறி 2005இல் நடைமுறைக்கு வந்த அணுசக்திச் சட்டம் மாநிலங்களிடமிருந்து அந்த மறுக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டது. இனி முடிவு மத்திய அரசுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உரியது. கையொப்பம் திரட்டினால் நாடு முழுவதும் வாக்களிக்கலாம். ஊர்களுக்குக் கலந்தாலோசனையில் இடமுண்டு, தடுக்கும் அதிகாரம் இல்லை. 2022 செப்ரெம்பரில் நாக்ரா ஒரு இடத்தை அறிவித்தது. சூரிச் மாநிலத்தின் வடக்கில், ஜேர்மன் எல்லைக்கு அருகே, ஸ்ராடல் கிராமம். அனுமதி விண்ணப்பம் 2024 நவம்பரில் கொடுக்கப்பட்டது.

இதைக் கேட்டவுடன் எமக்குள் ஏதோ விழித்துக்கொள்கிறது. நாடு முழுவதன் பெரும்பான்மை ஒரு சிறிய இடத்தின் மண்ணைப்பற்றித் தீர்மானிக்கும், அந்த இடத்தவர் மறுத்தாலும் எண்ணிக்கையில் தோற்பார்கள். நாடாளுமன்றத்தில் கைகளை எண்ணி எமது மொழியையும் நிலத்தையும் பற்றித் தீர்மானித்த ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். பெரும்பான்மையின் முடிவு என்பதாலேயே அது நியாயமாகிவிடாது என்பதை எமக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ஸ்ராடல் விவசாயியின் பக்கம் மனம் தானாகவே சாய்கிறது.

ஆனால் மனம் சாய்ந்த பக்கமே நியாயம் என்று எழுதிவிட முடியாது. அந்தக் கழிவு ஏற்கனவே இருக்கிறது. எவரும் அதை இல்லாமற் செய்யமுடியாது. மேலே கொட்டகைகளில் வைத்திருந்தால் அதன் ஆபத்தை இன்னும் பிறக்காதவர்கள் காவல்காக்க வேண்டும். அவர்களிடம் எந்த ஊர்ச்சபையும் சம்மதம் கேட்டதில்லை. ஒவ்வொரு ஊருக்கும் மறுக்கும் அதிகாரம் இருந்து ஒவ்வொன்றும் அதைப் பயன்படுத்தினால், இறுதியில் தோற்பவர்கள் அந்தப் பிறக்காதவர்களே. எமது மொழியையும் நிலத்தையும் பறிக்க எடுத்த பெரும்பான்மை முடிவில் எந்தத் தேவையும் இருக்கவில்லை. இங்கே ஒரு தேவை இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் போடுவது எமது துயரத்துக்கும் நியாயமல்ல, அவர்களது சிக்கலுக்கும் நியாயமல்ல.

எல்லைக்கு அப்பால் உள்ள ஜேர்மன் கிராமங்களையும் நினைக்கிறோம். காற்றும் நிலத்தடி நீரும் அவர்களுக்கும் பொது. கலந்தாலோசனைக் கூட்டத்தில் அவர்களுக்குக் கதிரை கொடுத்திருக்கிறார்கள். வாக்கு இல்லை. பேசலாம், எண்ணப்படமாட்டார்கள். வருடக்கணக்காக வரி கட்டியும் வாக்கில்லாமல் இந்த ஊர்களில் வாழ்ந்த எமக்கு அந்தக் கதிரை நன்றாகத் தெரியும். ஜூரா, நெயுசத்தெல் போன்ற சில மாநிலங்களில் வெளிநாட்டவர் ஊர்மட்டத்தில் வாக்களிக்கலாம். எம்மில் பெரும்பாலோர் வாழும் ஜேர்மன் மொழி மாநிலங்களில் அது அரிது.

5

இனி எம்மைப்பற்றி. ஊரின் ‘வேண்டாம்’ குழிகளை மட்டும் நோக்கிச் சொல்லப்பட்டதில்லை. தஞ்சம் கோரியவர்களை மத்திய அரசு மாநிலங்களுக்குப் பங்கிட, மாநிலம் ஊர்களுக்குப் பங்கிட, ஊர்கள் எம்மை ஏற்கவும் மறுக்கவும் கூட்டம் போட்டன. 2000ஆம் ஆண்டு லூசேர்ண் மாநிலத்தின் எம்மன் நகரில் பிரஜாவுரிமை கோரியவர்களைப்பற்றி வாக்கெடுப்பு நடத்தியபோது இத்தாலிய வம்சாவளியினர் மட்டுமே தேறினார்கள். மற்ற அனைவரும் நிராகரிக்கப்பட்டார்கள். 2003இல் மத்திய நீதிமன்றம் அந்த முறை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 2016இல் ஆர்கவ் மாநிலத்தின் ஓபர்வில்-லீலி என்ற வசதியான கிராமம் சில அகதிகளை ஏற்பதைவிட 290,000 பிராங் கட்டிவிடுவது மேல் என்று வாக்களித்தது.

மனிதரும் நஞ்சும் ஒன்றல்ல. அகதிகளைக் கழிவோடு ஒப்பிட்டுப் பேசியவர்களை நாம் மறக்கவில்லை, அந்த ஒப்பீட்டை இங்கே திரும்பச் செய்யவும் நாம் தயாரில்லை. நாம் சொல்வது மறுப்பைப்பற்றி. கோலிக்கனில் கேட்டதும் ஓபர்வில்-லீலியில் கேட்டதும் ஒரே ஊராட்சியின், ஒரே சட்டத்தின் குரல்தான். ஒன்றைப் புகழ்ந்து மற்றதைப் பழிப்பதற்கு எம்மிடம் அளவுகோல் இருக்கவேண்டும். எமக்குத் தெரிந்த அளவுகோல் இது: ‘வேண்டாம்’ என்று சொல்பவர், ‘அப்படியானால் எங்கே?’ என்ற அடுத்த கேள்விக்கும் எழுந்து நின்று பதில் சொல்கிறாரா? கோலிக்கன் தன் பங்கைச் சுமந்து, சுமையின் நாற்றத்தை அறிந்து, நடத்தியவர்களைப் பொறுப்பேற்கச் செய்தது. மற்றது காசோலை எழுதிவிட்டுக் கதவைச் சாத்தியது.

இதைச் சொல்லும்போது எமது வீட்டுக்குள்ளும் பார்க்கவேண்டியிருக்கிறது. சொந்த வீடு வாங்கிய எம்மவர் சிலர், பக்கத்தில் புதிய அகதிகளுக்கு விடுதி வரப்போகிறது என்றதும் வீட்டின் விலை இறங்கிவிடும் என்று பேசுவதை நாமே கேட்டிருக்கிறோம். கேட்டுக்கொண்டு பேசாமலும் இருந்திருக்கிறோம்.

ஊரில் எவரும் எவரிடமும் கேட்பதில்லை. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருப்பதைக் கண்ட பிறகுதான் சனம் அனல்மின் நிலையத்தைப்பற்றிக் கேள்வி கேட்டது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தனியார் மின் நிறுவனமொன்று 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது நல்லது. ஆனால் கிணற்றைக் கட்டியவரிடம் முன்கூட்டியே கேட்கும் ஒரு சபை, கேட்டால் நிறுத்தக்கூடிய ஒரு சபை இருந்திருந்தால் என்ன என்று நினைக்காமல் இருக்கமுடியவில்லை. ஊராட்சியின் அருமை அது இல்லாத இடத்தில்தான் தெரிகிறது.

ஆகவே எமது முடிவை, முடிவென்று சொல்லத் தயங்கிக்கொண்டே, இப்படிச் சொல்கிறோம். இறுதி வார்த்தை ஒரு ஊருக்கு மட்டும் உரியதாக இருக்கமுடியாது. ஆனால் ஊரின் மறுப்பைக் கேட்காமல், அதன் காரணங்களுக்குப் பதில் சொல்லாமல் எடுக்கப்படும் எந்த இறுதி வார்த்தையும் நியாயமாகாது. கண்காணிக்கும் கண் ஊரிடம் இருக்கவேண்டும். ஆபத்தைக் கண்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரமும், கோலிக்கனில் இருந்ததைப்போல, அதனிடம் இருக்கவேண்டும். கொடுக்கும் பணம் சம்மதத்தின் விலையாக இல்லாமல், சுமந்தவருக்கு நாடு பட்ட கடனாக, பிறகு வரவேண்டும்.

வாக்கெடுப்பு நடக்குமானால் இன்னும் சில வருடங்களில் ஸ்ராடல் மண்ணைப்பற்றிய சீட்டும் அந்தக் கடித உறைக்குள் எமது வீட்டுக்கு வரும். ‘இது எங்கட பிரச்சினை இல்லை’ என்று பழைய பேப்பர்க் கட்டோடு அதைக் கட்டி வாசலில் வைக்கலாம். எம்மில் பலர் அப்படித்தான் செய்துவந்திருக்கிறோம். அல்லது ஒரு ஞாயிறு ரயிலேறி அந்த ஊருக்குப் போய், அந்த வயல்களைப் பார்த்து, அங்கே இருப்பவர் ஒருவரோடு எமக்குத் தெரிந்த டொச்சில் பேசிவிட்டு வந்து நிரப்பலாம். எம்மைப்பற்றி வாக்களித்தவர்கள் அப்படி ஒருநாளாவது எமது வாசலுக்கு வந்திருக்கலாமே என்று ஒருகாலத்தில் ஏங்கியவர்கள் நாம்.